வெள்ளம் வந்த இரவில் கட்டளையிட யாருக்கு அதிகாரம்?

வாசகரின் கடிதம்

மட்டக்களப்புக் களப்பின் (கடல்நீரேரியின்) மேற்குப் பக்கமான படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 43 வயதுப் பெண் ஒருவர் எட்டுப் பக்கங்களில் எழுதியிருக்கிறார். மாதர் சங்க வேலைகளில் பல வருடம் ஓடியாடியவர். கடந்த மூன்று வருடங்களாகத் தமது கிராமத்தின் அனர்த்த முகாமைத்துவக் குழுவுக்குச் செயலாளர். ஊரையும் ஆட்களையும் அடையாளம் காட்டும் விபரங்களை நீக்கிவிட்டு, அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

2025 நவம்பர் 26 இரவு. இரண்டு நாளாக விடாத மழை. மேலேயுள்ள குளத்தின் வான் கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று தகவல் வருகிறது. பிரதான வீதியில் இடுப்பளவு தண்ணீர். களப்பின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் வசிக்கும் கிராம உத்தியோகத்தரால் வர முடியவில்லை. "நீங்களே பார்த்துச் செய்யுங்க, நான் பொறுப்பு" என்று தொலைபேசியில் சொல்கிறார். பிறகு தொடர்பு அறுந்துபோகிறது.

அந்த இரவு குழு ஐந்து காரியங்களைச் செய்திருக்கிறது. ஏழு மணிக்குப் பிறகு யாரும் வெளியே திரியக்கூடாது, மீறினால் 2000 ரூபாய் தண்டம் என்று கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தது; மூன்று பேரிடம் பணமும் வாங்கியது. தாம்போதியில் (வெள்ளம் மேலால் பாயும் தாழ்வான பாதையில்) மரக்குற்றிகளைப் போட்டு மறித்து, கடக்க வந்த உழவு இயந்திரம் ஒன்றின் சாவியைப் பறித்தது. களப்புக் கரையில் கட்டியிருந்த ஒருவரின் இயந்திரத் தோணியைப் பூட்டை உடைத்து எடுத்து, 11 பேரைப் பாடசாலையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. திரும்பும் வழியில் இயந்திரம் பழுதாகிவிட்டது. வீட்டை விட்டு வர மறுத்த 74 வயது முதியவரை நான்கு இளைஞர்கள் தூக்கி வந்தார்கள். அவருக்குத் தோளில் காயம். கடைசியாக, பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் "வெட்டுங்க, நான் பார்த்துக்கொள்ளுறன்" என்று சொல்ல, வயல் வீதியைக் குறுக்கே வெட்டித் தண்ணீரைத் திருப்பினார்கள். ஒருவரின் மூன்று ஏக்கர் வேளாண்மை மணல் மூடிப் போனது. ஊருக்குள் தண்ணீர் தேங்கியதற்கே, அந்த வயற்காரர் முன்பு வடிச்சல் வாய்க்காலை மண்போட்டு மூடியதுதான் காரணம் என்கிறார் வாசகர்.

ஊரில் யாரும் சாகவில்லை. ஆனால் தோணிக்காரரும் வயற்காரரும் பொலிஸில் முறைப்பாடு செய்திருக்கிறார்கள். முதியவரின் மகன் "என்ட வாப்பாவக் கடத்தினாங்க" என்ற அளவுக்குப் பேசித் திரிவதாக எழுதியிருக்கிறார். ஆள்கடத்தல் வழக்குப் போடப்போவதாக அவர் சொல்கிறாராம். வாசகரின் கேள்வி இது: "நாங்க உயிரக் காப்பாத்தத்தானே செய்தம். நாட்டில அவசரகாலச் சட்டம் போட்டிருந்தாங்க. பிரதேச செயலகம் தந்த அட்டை எங்களிட்ட இருக்கு. ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) சொல்லித்தான் செய்தம். பிறகு எப்படி எங்களுக்கு அதிகாரம் இல்லை என்கிறாங்க? அடுத்த மாரிக்கு முதல் நான் விலகிறதா?"

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை அந்த இரவுதான் மனதில் நின்றது. கையில் ஒரு டோர்ச்சும், சார்ஜ் குறைந்துகொண்டே போகும் ஒரு தொலைபேசியும் வைத்துக்கொண்டு ஒரு கிராமத்தையே காவல் காத்திருக்கிறீர்கள். இரண்டாவது தடவை சட்டத்தரணியாக வாசித்தேன். அப்போது மனம் கனத்தது. உங்கள் மேல் வந்திருக்கும் முறைப்பாடுகள் எல்லாம் வெறும் வன்மமல்ல. சிலவற்றில் நியாயம் இருக்கிறது.

நீங்கள் உதவியையும் கட்டளையையும் ஒன்றாகக் கருதிவிட்டீர்கள். வெள்ளத்தில் அகப்பட்டவரைத் தூக்கிவிட, எச்சரிக்க, சோறு கொடுக்க, வழிகாட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒருவரைத் தடுக்க, அவருடைய பொருளை எடுக்க, வீட்டிலிருந்து அகற்ற, தண்டம் வாங்க என்று வந்தால், அதைச் செய்யும் ஆளின் பதவியைச் சொல்லி எழுதப்பட்ட சட்டம் ஒன்று இருக்க வேண்டும். நீங்கள் செய்த ஐந்தையும் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் பார்க்கப் போகிறேன்.

அவசரகாலப் பிரகடனம் உங்கள் கைக்கு எதையும் தரவில்லை

முதலில் திகதியைக் கவனியுங்கள். டித்வா புயலை அடுத்து ஜனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது நவம்பர் இறுதியில். நீங்கள் ஒலிபெருக்கியில் அறிவித்தது அதற்கு முன்னர், 26ஆம் திகதி இரவு. ஆகவே அந்தப் பிரகடனம் உங்களுக்குத் துணை வராது.

அதற்குப் பிறகு நடந்திருந்தாலும் நிலைமை மாறாது. அவசரகாலச் சட்டம் என்று நாம் பேச்சில் சொல்வது 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அதன் இரண்டாம் பாகத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் பிரகடனத்தைச் செய்வது ஜனாதிபதி. ஒழுங்குவிதிகளை ஆக்குவதும் அவர்தான். அந்த ஒழுங்குவிதியில் எந்த அதிகாரிக்கு எந்த வேலை என்று எழுதியிருக்கிறதோ, அவருக்கு அந்த வேலைக்கு மட்டும்தான் அதிகாரம். பிரகடனம் வந்தவுடன் அதிகாரம் மழைபோல ஊரெல்லாம் பெய்துவிடும் என்ற எண்ணம் நம் ஊர்களில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. போர்க்காலத்தில் யார் துவக்கோடு வந்து என்ன சொன்னாலும் அதுதான் சட்டம் என்று வாழ்ந்த சனங்கள் நாங்கள். அந்தப் பழக்கத்திலிருந்து வந்த எண்ணம் அது என்று நினைக்கிறேன்.

ஊரடங்கும் அப்படித்தான். அதே கட்டளைச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் அந்த அதிகாரம் ஜனாதிபதிக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருக்கும் அரசாங்க அதிபரின் பெயரோ பொலிஸ் பொறுப்பதிகாரியின் பெயரோ பிரதேச சபைத் தவிசாளரின் பெயரோ அந்தப் பிரிவில் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தபோது, அதற்கான கட்டளை எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று சட்டத்தரணிகள் பலர் கேட்டார்கள். அரசாங்கத்திடமே கேட்கப்பட்ட கேள்வியை ஒரு கிராமக் குழுவிடம் கேட்கமாட்டார்களா?

ஜனாதிபதியின் அதிகாரத்துக்கும் வேலி உண்டு. பிரகடனம் ஒரு மாதத்துக்குத்தான் செல்லும். 14 நாட்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் அதுவும் இல்லை. 2022 ஜூலை 17ஆம் திகதி அப்போதைய பதில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பிறப்பித்த அவசரகால நடவடிக்கை மக்களின் அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 ஜூலை 23ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. நாட்டின் தலைவர் செய்ததையே நீதிமன்றம் தராசில் வைத்து நிறுத்தது என்பதை உங்கள் குழுவினருக்கும் சொல்லுங்கள்.

இனி உங்கள் அட்டை. சுனாமிக்குப் பிறகு வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்படி ஜனாதிபதியைத் தலைவராகக் கொண்ட தேசிய பேரவை ஒன்று இருக்கிறது. அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருக்கிறது. அனர்த்த நிலையைப் பிரகடனம் செய்வதும் ஜனாதிபதியே. கிராமக் குழுக்களின் இடம் ஆயத்த வேலைகளில்: எச்சரிக்கையை வீடு வீடாகச் சேர்ப்பது, நடக்க முடியாதவர்களின் பட்டியல் வைத்திருப்பது, தங்குமிடத்தைத் தயார் செய்வது, முதலுதவி. அட்டையைக் காட்டினால் நீங்கள் இந்தக் குழுவின் ஆள் என்று தெரியும். அதைக் காட்டி ஒருவரை மறிக்கவோ பொருளை எடுக்கவோ முடியாது.

"நான் பொறுப்பு" என்ற தொலைபேசி வார்த்தை

உங்கள் கிராம உத்தியோகத்தர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் தன்னிடம் இல்லாத ஒன்றை அவரால் உங்களுக்குத் தர முடியாது. பொலிஸ் கடமைகளுக்காக எழுத்தில் நியமிக்கப்பட்ட கிராம உத்தியோகத்தர், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி சமாதான உத்தியோகத்தராகக் கணிக்கப்படுவார். அதனால் சில சந்தர்ப்பங்களில் ஒருவரைக் கைது செய்யலாம். ஊரடங்கு போடவோ, தண்டம் விதிக்கவோ, பிறர் தோணியை எடுக்கச் சொல்லவோ அவருக்கும் அதிகாரம் கிடையாது. இருக்கும் அதிகாரத்தையும் தொலைபேசியில் இன்னொருவர் கையில் கொடுத்துவிட முடியாது. பிரதேச செயலாளருக்கு 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தால் முன்னைய உதவி அரசாங்க அதிபரின் பணிகள் பல வந்து சேர்ந்தன. அவரும் அந்தந்தச் சட்டம் சொன்ன வழியில்தான் நடக்க வேண்டும்.

பிரதேச சபை உறுப்பினரின் வார்த்தை இதைவிட மெலிது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் அதிகாரம் சபைக்குரியது. அதை நடைமுறைப்படுத்துபவர் தவிசாளர். தனி உறுப்பினர் ஒருவர் இரவில் தொலைபேசியில் சொல்வது ஒரு மனிதரின் அபிப்பிராயம். வெட்டச் சொன்னவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்தபோது கோபம் வந்தது. எடுத்தாலும் சட்டத்தின் முன் உங்கள் பொறுப்பை அவர் சுமக்க முடியாது. அவருடைய பொறுப்பு வேறு, உங்களுடையது வேறு.

ஐந்து காரியங்களும் ஒரே தரமல்ல

தண்டப் பணத்தில் எனக்கு இரண்டு யோசனை இல்லை. குற்றம் என்று தீர்த்து அபராதம் விதிப்பது நீதிமன்றத்தின் வேலை. பிரதேச சபையின் துணைவிதியை மீறியவருக்குக்கூட நீதவான்தான் அபராதம் விதிப்பார். பயங்காட்டிப் பணம் வாங்கினார்கள் என்று அந்த மூவரில் ஒருவர் போய்ச் சொன்னால், பறித்தெடுத்தல் என்ற பாரதூரமான குற்றமாக அது எழுதப்படலாம். ஒலிபெருக்கிக் கட்டளையை மீறியதால் அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அரச உத்தியோகத்தரின் கட்டளைக்குக் கீழ்ப்படியாதது குற்றமாவதற்கும், அந்தக் கட்டளையைப் பிறப்பிக்க அவருக்குச் சட்டப்படி அதிகாரம் இருந்திருக்க வேண்டும் என்றுதான் தண்டனைச் சட்டக்கோவை சொல்கிறது. 6000 ரூபாயும் பாய், தலையணை வாங்கத்தான் செலவானது என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனாலும் அது திரும்பிப் போக வேண்டிய பணம்.

தாம்போதியை மறித்ததைப் பற்றி வேறு விதமாக நினைக்கிறேன். 2024 நவம்பர் 26ஆம் திகதி, நீங்கள் நின்ற இரவுக்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. அந்தப் பிள்ளைகளின் ஜனாசாக்களை நாட்கணக்கில் தேடினார்கள். அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் அதை மறந்தவர் யாரும் இருக்க முடியாது. பாயும் தண்ணீரின் முன்னால் நின்று "போகாதீங்க" என்று மறிப்பதைக் குற்றமென்று எந்த நீதவானும் இலகுவில் சொல்லமாட்டார். வீதியை முறைப்படி மூடுவது பொலிஸாரும் அந்த வீதிக்குப் பொறுப்பான நிறுவனமும் செய்ய வேண்டியது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், சி, டி தர வீதிகள் மாகாணத்திடமும், ஊர் வீதிகள் பிரதேச சபையிடமும் இருக்கின்றன. சாவியைப் பறித்தது பிழை. மறுநாள் காலையிலேயே திருப்பிக் கொடுத்தது நல்லது. இது வழக்காக வரும் என்று நான் நினைக்கவில்லை.

தோணி விடயத்தில் சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு நிற்கிறது. களவுக்கு நேர்மையற்ற நோக்கம் வேண்டும். 11 உயிரை ஏற்ற எடுத்ததில் அது இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் பொது விதிவிலக்குகளில், பெரிய தீங்கைத் தவிர்ப்பதற்காக, குற்ற நோக்கமின்றி, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் செயலுக்குப் பாதுகாப்பு உண்டு. பூட்டை உடைத்ததற்கு அது பொருந்தும் என்று வாதிடலாம். ஆனால் நீதிமன்றம் சில கேள்விகளைக் கேட்கும். ஆபத்து அந்த நேரத்தில் கண்முன்னே இருந்ததா? வேறு வழி இருந்ததா? தோணிக்காரரின் வீடு 200 மீற்றர் தூரத்தில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரை ஏன் எழுப்பவில்லை? இதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. தேடிப் பாருங்கள். யாராவது போய்க் கதவைத் தட்டியிருந்தால் அந்த ஆளின் சாட்சியம் உங்களுக்குப் பொன். இந்தப் பாதுகாப்பு குற்ற வழக்குக்கானது. இயந்திரம் பழுதானதற்கான நட்டஈடு தனிக் கேள்வி. அந்த மனிதர் களப்பில் உழைத்துச் சாப்பிடுபவர். உங்கள் ஊர் தப்பியதற்கான செலவை அவர் ஒருவரே சுமப்பது நியாயமில்லை.

முதியவரின் கதைதான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது. "78 சூறாவளியிலயே இந்த வீட்ட விட்டுப் போகாதவன் நான், இஞ்ச இருந்து அசைய மாட்டன்" என்றாராம். ஆபத்தைப் புரிந்துகொண்ட, சுயபுத்தியுள்ள வளர்ந்த ஒருவர் தன் வீட்டில் இருப்பேன் என்றால், அவரைத் தூக்கிக்கொண்டு போகும் அதிகாரத்தை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் உங்கள் குழுவுக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ கொடுக்கவில்லை. மறதி நோய் உள்ளவர், சுயநினைவில்லாதவர், சிறு பிள்ளைகள் என்றால் கணக்கு வேறு. அவர்களுக்காக முடிவெடுக்கும் கடமை பக்கத்தில் நிற்பவருக்கு வந்துவிடுகிறது. இவர் அப்படியானவரில்லை.

அதற்காக நீங்கள் செய்தது ஆள்கடத்தல் ஆகிவிடாது. ஒருவரை எங்கே, எதற்காகக் கொண்டுபோனார்கள் என்பதைச் சட்டம் பார்க்கும். பாடசாலையில் சேர்த்து, சூடான தேத்தண்ணி கொடுத்து, காலையில் மகனுக்கு அறிவித்திருக்கிறீர்கள். முறையற்ற தடை என்றும் காயம் ஏற்படுத்தியது என்றும் சொல்லலாம். அதற்கும் நல்லெண்ணப் பாதுகாப்பு உண்டு. அவர் வீட்டுக்குள் அப்போது எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. மார்பளவு என்று ஒரு பக்கத்திலும் முழங்காலளவு என்று இன்னொரு பக்கத்திலும் எழுதியிருக்கிறீர்கள். வாக்குமூலம் கொடுக்க முன் இதைச் சரியாக நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உள்ளதை மட்டும் சொல்லுங்கள். அந்த வாசலில் நான் நின்றிருந்தால் நானும் தூக்கியிருக்கக்கூடும். அதற்குப் பிறகு பதில் சொல்லவும் ஆயத்தமாக இருந்திருப்பேன்.

வயல் வீதியை வெட்டியதுதான் உங்களுக்குப் பெரிய ஆபத்து. நம் பிரதேசத்தில் தண்ணீரைத் திருப்புவது ஒருநாளும் சின்ன விடயமாக இருந்ததில்லை. களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டுவதென்றாலே விவசாயிகள் ஒரு பக்கம், மீனவர்கள் மறுபக்கம் நிற்பார்கள். அதனால்தான் அந்த முடிவு மாவட்டச் செயலகத்தில், நீர்ப்பாசனப் பொறியியலாளர்களும் மற்றத் திணைக்களங்களும் இருந்து பேசி எடுக்கும் முடிவாக இருக்கிறது. ஒரு இடத்தில் வெட்டினால் தண்ணீர் இன்னொருவர் தலையில் விழும். யார் தலையில் விழலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை அந்தப் பக்கத்திலோ இந்தப் பக்கத்திலோ நிற்பவர் கையில் கொடுக்க முடியாது. பொது வீதியைச் சேதப்படுத்துவதும், பிறர் காணி வெள்ளத்தில் மூழ்கச் செய்வதும் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றங்கள். நல்லெண்ணப் பாதுகாப்பை இங்கேயும் வாதிடலாம்தான். ஆனால் அந்த நேரம் ஊரில் எல்லோரும் பாடசாலைக்குப் போய்விட்டார்கள், வெட்டியது வீடுகளைக் காப்பாற்ற என்று எழுதியிருக்கிறீர்கள். உயிர் தப்பிய பிறகு உடைமைக்காக இன்னொருவரின் உடைமையை அழித்ததாகத்தான் எதிர்த்தரப்பு சொல்லும். அது வலுவான வாதம்.

அவர் வடிச்சல் வாய்க்காலை மூடியது உண்மையானால் அதுவும் குற்றமே. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லும் கட்டளையை, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் கேட்கலாம். ஆபத்து அவசரமானால் 106ஆம் பிரிவின் கீழ் உடனடிக் கட்டளையும் கேட்கலாம். கமநல சேவை நிலையத்திலும் முறையிட்டிருக்கலாம். இரண்டு வருடமாக அந்த வாய்க்காலைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டு, வெள்ளத்து இரவில் மண்வெட்டியை எடுத்தது உங்கள் ஊர் முழுவதும் செய்த தவறு. இதை உங்கள் மேல் மட்டும் சுமத்த மாட்டேன்.

இப்போது செய்ய வேண்டியவை

பொலிஸ் வாக்குமூலம்: அழைத்தால் போங்கள், ஒளிய வேண்டாம். தனியாகப் போக வேண்டாம். சட்டத்தரணி ஒருவரோடு போங்கள். வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வாக்குமூலம் தமிழில் பதியப்பட வேண்டும் என்று கேளுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. இது உங்கள் உரிமை. வாசித்துக் காட்டச் சொல்லி, சரியென்றால் மட்டும் கையெழுத்திடுங்கள். "எல்லாம் நான்தான் சொன்னேன்" என்று இளைஞர்களைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். யார் எதைச் செய்தார், யார் எதைச் சொன்னார் என்பது இருந்தபடியே பதியட்டும். முறைப்பாடு வந்தவுடனே கைது என்றில்லை. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும்.

பணமும் தோணியும்: 6000 ரூபாயையும் குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதித் திருப்பிக் கொடுங்கள், பெற்றவரின் கையெழுத்தை வாங்குங்கள். தோணி இயந்திரத்தைத் திருத்தும் செலவுக்கு ஊரில் சேர்த்துக் கொடுப்பதே சரி. இரண்டு பிணக்குகளையும் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம் என்று உங்கள் சட்டத்தரணி மூலம் முன்வைத்துப் பாருங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்தச் சபைகள் இப்படியான ஊர்ப் பிணக்குகளுக்கு நல்ல இடம்.

வயல்: இங்கே அவசரப்பட்டு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம், அது வழக்கில் ஆவணமாகிவிடும். சேத மதிப்பீட்டைக் கமநல சேவை நிலையம் செய்திருந்தால் அதன் பிரதியைக் கேளுங்கள். மூடிய வாய்க்காலைப் படம் எடுத்து வையுங்கள். வயல் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானையாரிடம் அதன் பழைய போக்கைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உயர் நீதிமன்றத்துக்குப் போவார்கள் என்று உங்கள் கணவர் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அடிப்படை உரிமை மனு அரச அதிகாரத்தின் செயலுக்கு எதிரானது; சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் காலம் போய்விட்டது. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் அந்த மாதத்துக்குள் யாராவது முறையிட்டிருந்தால் மட்டும் கணக்கு மாறலாம். உங்களுக்கு அப்படி எந்தக் கடிதமும் வரவில்லை.

விலகுவதா?

வேண்டாம். நீங்கள் விலகினால் அடுத்த மாரியில் அந்த ஒலிபெருக்கி வேறொருவர் கையில் இருக்கும். அவர் இந்தப் பாடம் எதையும் படிக்காதவராக இருப்பார். ஆனால் மாரிக்கு முன் கடதாசி வேலைகளை முடியுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். வெள்ள காலத்தில் உங்கள் கிராமத்துக்குக் கடமை அதிகாரி யார், வீதி துண்டிக்கப்பட்டால் அவருக்குப் பதில் யார், வெளியேறச் சொல்லும் முடிவை யார் எடுப்பார், தோணி தேவையென்றால் யார் அனுப்புவார் என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். எனக்கு உள்ளபடியே ஆத்திரம் தருவது இந்த இடம்தான். அதிகாரத்தைச் சட்டம் சிலர் கையில் மட்டும் கொடுத்திருப்பது நல்லதற்குத்தான். அப்படியானால் அந்தச் சிலர் வெள்ளத்து இரவில் ஊரில் இருக்க வேண்டும். கிராம உத்தியோகத்தர் எழுவான்கரையில் வசிக்கிறார், பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும் என்பது ஒவ்வொரு கார்த்திகையிலும் தெரிந்த கதை. மழை எச்சரிக்கை வந்தவுடனே அதிகாரமுள்ள ஒருவர் படுவான்கரையில் தங்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பிரதி ஒன்றை மாவட்டச் செயலாளருக்கும் அனுப்புங்கள்.

தோணிக்காரர்களோடும் உழவு இயந்திரக்காரர்களோடும் இப்போதே பேசி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எந்த நேரத்தில் எடுக்கலாம், யார் ஓட்டுவார், எரிபொருள் யார் செலவு, பழுதானால் என்ன செய்வது. உடன்பாட்டோடு எடுத்தால் பூட்டை உடைக்கும் தேவை வராது. 117 (அனர்த்த முகாமைத்துவ நிலையம்), 119 (பொலிஸ்), 1990 (அம்புலன்ஸ்) இலக்கங்களுக்கு எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், என்ன பதில் வந்தது என்று ஒருவர் கொப்பியில் குறித்துக்கொண்டே இருக்கட்டும். அழைத்தும் ஆள் வரவில்லை என்று காட்ட முடிந்தால், பிறகு நீங்கள் செய்ததற்கு நியாயம் கூடும். ஒலிபெருக்கியில் "வெளியே வராதீங்க, தண்டம்" என்பதற்குப் பதிலாக, "தாம்போதியில் மூன்றடி தண்ணி பாயுது, கடக்க வேண்டாம், பாடசாலையில் சாப்பாடு இருக்கு, வர ஏலாதவங்க இந்த இலக்கத்துக்கு எடுங்க" என்று சொல்லுங்கள்.

கிராம உத்தியோகத்தரும் சபை உறுப்பினரும் உங்களோடு பேசிய அழைப்புகளின் விபரம் தொலைபேசியில் இன்னும் இருந்தால், இந்த வாரமே படம் எடுத்து வையுங்கள்.

அந்த முதியவரிடம் நீங்கள் மட்டும் போங்கள், இளைஞர்கள் வேண்டாம். மகன் இருக்கும் நேரமாகப் பார்த்து, அவர்கள் இருவரும் மதிக்கும் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம். தோள் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். 78ஆம் ஆண்டுச் சூறாவளியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முழுவதையும் கேட்டுக்கொண்டிருங்கள். பிறகு, அடுத்த முறை தண்ணீர் எந்தப் படிக்கட்டுக்கு வந்தால், யார் வந்து கூப்பிட்டால் அவர் எழும்பி வருவார் என்று அவரிடமே கேட்டு, உங்கள் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே எழுதிக்கொள்ளுங்கள்.